மழை இல்லையா, நீ பார்க்கவில்லையா?

வணக்கம் ஐயா,

சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். போன அக்டோபர் கடைசியில் ஒருநாள் விடியற்காலை, ஆபிஸ் கட்டடத்துக் கண்ணாடிச் சுவரோரம் ஒரு பறவை மயங்கிக் கிடந்தது. பச்சை முதுகு, நீலச் சிறகு, கண்ணை மூடினாற்போல் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு. என் வாழ்நாளில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கூட்டிப் பெருக்கும் அக்கா, "இந்த மாசத்துல இது மூணாவது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் எல்லாரும் கையில் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டோம். அரை மணி நேரத்தில் பறந்துவிட்டது. படம் இணைத்திருக்கிறேன். இது அபூர்வப் பறவையா? இதுபோலப் பதிவு செய்ய எந்தக் கேமரா வாங்கலாம்? நம் மலேசியப் பறவைகளுக்குத் தமிழில் பெயரே இல்லையே, எந்தப் பெயரில் எழுதுவது? நண்பர்கள் வேறு, வேலையற்ற வேலை என்று கேலி செய்கிறார்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் பறவை நீலச்சிறகுப் பிட்டா. தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்று ஒன்று உண்டே, அதற்கு நெருங்கிய உறவு. அலகு பெரிதாக இருந்திருந்தால் அலையாத்திக் காட்டுப் பிட்டாவோ என்று யோசித்திருப்பேன். படத்தில் அலகு சிறியது. அபூர்வம் இல்லை. பர்மா, தாய்லாந்து, இந்தோசீனா பக்கம் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் தெற்கே இறங்குகிறது. நம் வடகோடியிலும் கொஞ்சம் கூடு கட்டும். பயணம் முழுக்க இரவில்தான். விளக்கு வெளிச்சத்தில் திசை கெட்டுத் தாழ இறங்கி, கண்ணாடியில் மோதி விழுகிறது.

கையில் வாங்கி எல்லாரும் படம் எடுத்தோம் என்கிறீர்களே, எனக்கு வயிறு எரிகிறது. நூற்றுக்கணக்கான மைல் பறந்து வந்து மண்டையில் அடிபட்ட உயிர் அது. ஆளாளுக்குக் கைமாற்றினால் அந்தப் பயத்திலேயே செத்துப்போகவும் கூடும். உங்கள் அதிர்ஷ்டம், பறந்துவிட்டது. அடுத்த முறை ஓர் அட்டைப் பெட்டியில் நாலைந்து ஓட்டை போட்டு, உள்ளே ஒரு துணி விரித்து, அதை வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும், இரவில் பயணம் போகும் பறவை என்பதால், பொழுது சாயும் நேரத்தில் மரமுள்ள இடமாகப் பார்த்துத் திறந்துவிடுங்கள்.

கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. நண்பர்களையும் விடுங்கள். பத்து வெள்ளிக்கு ஒரு நோட்டு வாங்குங்கள், போதும்.

தமிழில் பெயர் இல்லை என்பதை மட்டும் இனி யாரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் ஊர்ச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைக் காட்டில், எலி பிடிப்பதற்காகக் கம்பத்தில் பெட்டி அடித்து வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் குடியிருக்கும் முகம் வெளுத்த பறவைக்குக் கூகை என்று பெயர். சங்கப் புலவர் ஒருவரையே கூகைக் கோழியார் என்றுதான் அழைத்தார்கள். சாவுக்குருவி என்று கல்லெறிந்தோமே, அது நம் பாட்டில் இரண்டாயிரம் வருடமாக உட்கார்ந்திருக்கிறது. பஞ்சுருட்டான், தகைவிலான், உள்ளான், பக்கி என்று எல்லாம் இருக்கிறது. நீங்கள் தேடவில்லை.

உங்கள் கடிதம் வந்த நேரம், நான் அப்பாவின் மழைப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்திருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வட்டாரத்தில்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் போடப்பட்டது. அதன் பெயர் தென்னமரம். தோட்டம் போட்டவன் பிரெஞ்சுக்காரன், வாயில் நின்றது தமிழ்ப் பெயர். எங்கள் தோட்டத்தில் அப்போது பாதி இன்னும் பால்மரம், அதாவது ரப்பர். பாட்டி பால் எடுக்க மரம் வெட்டினார். அப்பா ஆபிஸ் கிராணி, அதாவது எழுத்தர்.

ஆபிஸ் வாசலில் புல்தரை நடுவே மழை அளக்கும் கருவி இருந்தது. பித்தளைப் புனல், உள்ளே கண்ணாடிக் குழாய். தினமும் காலை 7 மணிக்கு அப்பா குனிந்து, குழாயைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மழைப் புத்தகத்தில் எழுதுவார். மழை பெய்யாத நாளிலும் பார்ப்பார், பூஜ்யம் என்று எழுதுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டாராம். துரை கூப்பிட்டுக் கேட்டார்: "மழை இல்லையா, நீ பார்க்கவில்லையா?" வெறும் கட்டத்தைப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரியாது. அதற்குப் பிறகு அப்பா ஒருநாளும் கட்டத்தை வெறுமையாக விட்டதில்லை. 11 வருடம்.

தம்பி, பறவைப் பதிவு என்பது இதுதான். நீங்கள் அனுப்பிய மாதிரி ஓர் அழகான படத்தை வைத்துக்கொண்டு என்ன தெரிந்துகொள்வது? அன்றைக்கு ஒன்று விழுந்தது, அவ்வளவுதான். முந்தின நாள் விழவில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா? பறவைகளைப் பதிவு செய்கிற ஈபேர்ட் செயலியில் பட்டியலை அனுப்பும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினாயா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொன்னால்தான், பட்டியலில் இல்லாத பறவையை அங்கே காணவில்லை என்று ஆய்வாளர்கள் கணக்கில் எடுக்க முடியும். நம் ஆட்கள் அபூர்வமாக ஒன்றைக் கண்டால் மட்டும் போடுகிறார்கள். மைனாவையும் கொண்டைக்குருவியையும் எழுத வெட்கப்படுகிறார்கள். வெள்ளீயம் தோண்டிய பழைய குளங்கள் எங்கள் ஊரில் நிறைய. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. அந்த மாதம் நானும் ஒரு குளக்கரையில் போய் நிற்பேன். ஒன்றுமே இல்லாமல் திரும்பிய வருடங்கள் உண்டு. அந்த வருடத்துக் கட்டத்திலும் பூஜ்யம் இருக்கிறது.

எழுதாததால் என்ன குடிமுழுகிவிட்டது என்று கேட்பீர்கள். குயிலைச் சொல்கிறேன். 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்பதற்காக, இலங்கையிலிருந்து காகத்தைக் கப்பலேற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். நம்மைக் கொண்டுவந்த காலம்தான். காப்பி போயிற்று, காகம் பெருகியது. குயில் அப்போதெல்லாம் இங்கே குளிர்காலத்தில் வந்து போகிற விருந்தாளி. காகக் கூடு கிடைத்ததும் அதில் முட்டையிட்டு இங்கேயே தங்கிவிட்டது. இன்றைக்கு மேற்குக் கரை ஊர்களில் வருடம் முழுக்கக் கூவுகிறது. எங்கள் ஊரில் முதன்முதலாக ஒரு ஜூன் மாதத்தில் குயில் கூவியது எந்த வருடம்? குயிலைப் பாட்டில் வைத்துக் கொஞ்சுகிற சனம் நாம். நம் காதருகே ஒரு பறவை வாழ்க்கையையே மாற்றிக்கொண்டிருக்கிறது, ஒருவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. எனக்கு ஆறவே இல்லை.

பாட்டிக்கு எல்லாம் தெரியும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பால்மர நெரைக்குள் போகும்போது, பக்கி "டொக், டொக்" என்று ஆணி அடிக்கிற மாதிரிக் கூப்பிடும். ஒரு மூச்சில் எத்தனை தட்டு என்று பெண்கள் பந்தயம் கட்டுவார்களாம். தகைவிலானைப் பாட்டி கம்பிக்குருவி என்பார். பள்ளி மூன்றாம் தவணை தொடங்கும்போது இரண்டு மூன்று தலை தெரியும், தீபாவளிக்குள் ஆபிசுக்குப் போகும் டெலிபோன் கம்பி தொய்கிற அளவு உட்கார்ந்திருக்கும், சித்திரை பிறந்து சில நாளில் ஒன்றும் இராது. சைபீரியா, சீனா, ஜப்பான் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாட்டிக்குத் தெரியாது. ஆனால் ஒருநாள் சாயங்காலம் லயத்து வீட்டு வாசலில் நின்று, "இந்த வருசம் பிந்திருச்சுடா, ஒண்ணையும் காணோம்" என்று அப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது ஆபிஸ் காகிதங்களை எல்லாம் பின்புறம் குவித்துக் கொளுத்தினார்கள். அப்பா போய் ஒரே ஒரு மழைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஓரம் கருகியிருக்கிறது. பாட்டி தேடிய அந்த வருடம் அதற்குள்தான் இருக்கிறது. குறிப்பு என்று கடைசியில் ஒரு பத்தி. அதில் "மதியம் இடி", "புனல் கழுவியது", "துரை விடுப்பு" எல்லாம் அப்பா கையெழுத்தில் இருக்கின்றன. சன்னலுக்கு வெளியேதான் அந்தக் கம்பி. குருவி வந்ததாக ஒரு சொல் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. துரை கேட்டதை அப்பா எழுதினார். பாட்டிக்கு எழுதத் தெரியாது. பாட்டியிடம் கேட்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பாட்டி போய்ப் பல வருடம் கழித்து, 1998இல்தான் நான் நோட்டு எடுத்தேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். படத்தைவிடப் பெரிய செய்தி அதில் ஒரே வரியில் இருக்கிறது; அதை எழுதிவிட்டு, ஒன்றுமே இல்லாததுபோல் கேமராவுக்குத் தாவிவிட்டீர்கள். "இந்த மாசத்துல இது மூணாவது." அந்த அக்கா எத்தனை வருடமாக அந்தச் சுவரடியில் கூட்டுகிறார்? மற்ற இரண்டும் இதே பறவைதானா? உயிரோடு கிடந்ததா, செத்துக் கிடந்ததா? எந்த மாதத்தில் அதிகம் விழுகிறது? முந்தின இரவு மழையா? விடியும் வரை அந்தக் கட்டடத்தில் எந்த விளக்கு எரிகிறது? இந்த விவரத்தை வைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போய், அக்டோபர், நவம்பரில் மட்டுமாவது அந்த விளக்கை அணைக்கச் சொல்லலாம்.

நாளைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு ஓடாதீர்கள். அக்காவுக்கும் சேர்த்து ஒரு தே தாரேக் வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். நோட்டையும் கொண்டுபோங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன பெயரிலேயே எழுதுங்கள்.