மே 15ல கியூகென்ஹோஃப் டிக்கெட் ஏன் வரலை

நெதர்லாந்துல ஆம்ஸ்டர்டாம் போறப்போ, பக்கத்துல இருக்குற கியூகென்ஹோஃப் டியூலிப் தோட்டத்துக்கு மே 15க்கு டிக்கெட் போட்டா வரவே மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தீங்க. டிக்கெட் தீரல, உங்க கார்டுலயும் பிரச்சினை இல்ல, நீங்க போட்ட மே 15க்குள்ள தோட்டத்தையே மூடிடுவாங்க. வருஷத்துல சுமார் எட்டு வாரம்தான் திறப்பாங்க, 2025ல மார்ச் 20ல இருந்து மே 11 வரைக்கும்தான் இருந்துச்சு, அதான் உங்க தேதி காலண்டர்ல வரவே இல்ல.

சரி வெளியில வயலையாவது சைக்கிள்ல போய் பாத்துடலாம்னு நினைக்காதீங்க, அங்க டியூலிப் வளக்குறதே கிழங்குக்காகத்தான், பூ விரிஞ்சு கொஞ்ச நாள்ல மெஷின் விட்டு தலையை மட்டும் வெட்டிடுவாங்க, சத்து கிழங்குக்குப் போகணும்ல. மே நடுவுல பெரும்பாலும் பச்சைத் தண்டுதான் நிக்கும்.

முதல்ல ஃபிளைட் தேதி மாத்த எவ்ளோ கேக்குறாங்கன்னு பாருங்க, ஏப்ரல் மூணாவது வாரம் கிடைச்சா யோசிக்காம மாத்திடுங்க. ஆனா ஏப்ரல் 27 நெதர்லாந்து ராஜா பிறந்தநாள், ஆம்ஸ்டர்டாம் கால்வாய் பூரா படகும் கூட்டமும்தான், ரூம் வாடகையும் எகிறிடும், அத ஒட்டி வேணாம்.

மாத்த முடியலைன்னா 1638ல ஆரம்பிச்ச ஹோர்டஸ் தாவரத் தோட்டம் ஆம்ஸ்டர்டாம் ஊருக்குள்ளயே இருக்கு. சைக்கிள் ஓட்டணும்னா, சென்ட்ரல் ஸ்டேஷன் பின்னாடி ஃபெர்ரி ஃப்ரீ, சைக்கிளோடயே ஏறி, தண்ணிக்கு அந்தப் பக்கம் இருக்குற நோர்ட் ஏரியாவுக்குப் போங்க, அங்க நெரிசல் கம்மி. வாடகை சைக்கிள் நிறைய இடத்துல பெடலை பின்னாடி மிதிச்சாதான் பிரேக் பிடிக்கும், எடுக்கும்போதே கேட்டுக்கோங்க. டிராம் தண்டவாளத்த சாய்வா மட்டும் கடக்காதீங்க, டயர் உள்ள மாட்டும், நேர் குறுக்காத்தான் கடக்கணும், மழையில இன்னும் கவனம்.