விஷவாயு யாரையும் தாக்குவதில்லை

கேள்வி: துயரச் செய்திகளில் 'கோர விபத்து', 'பரிதாப பலி', 'நெஞ்சை உலுக்கும் சம்பவம்' என்றே எழுதுகிறார்கள். செய்தியாளர்கள் கொஞ்சமும் உணர்ச்சி கலக்காமல் எழுதக் கூடாதா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உணர்ச்சியை அப்புறம் பார்ப்போம். நீங்கள் நடுவில் வைத்திருக்கும் 'பலி'தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடப் பகை.

பலி என்றால் படையல். கோயில் வாசலில் கிடா வெட்டினால் அது பலி. அங்கே கொடுக்கிற ஆள் யார், வாங்கிக்கொள்கிற சாமி எது என்று ஊருக்கே தெரியும். செய்தித்தாளில் வருகிற பலியில் இந்த இரண்டு பேருமே இருப்பதில்லை, செத்தவர் மட்டும்தான் இருக்கிறார். தலைப்பு போடுகிற டெஸ்க்கில் இருக்கும் நண்பர்களிடம் கேட்டால், 'இரண்டே எழுத்து சார், ஒற்றைப் பத்தித் தலைப்பில் வேறு எது அடங்கும்' என்பார்கள். சாவும் இரண்டு எழுத்துதான். அதைப் போட்டால் அமங்கலம், காலையில் காபியோடு பேப்பர் பிரிப்பவர் முகம் சுளிப்பார் என்று அடுத்த காரணம் வரும். இந்தச் சண்டையில் நான் இன்னும் ஜெயிக்கவில்லை.

யாருக்கு எந்தச் சொல் கிடைக்கிறது என்று ஒரு வாரப் பேப்பரை எடுத்து வைத்துப் பாருங்கள். தலைவர் மறைகிறார். தொழிலதிபர் காலமாகிறார். பணம் கட்டி விளம்பரம் கொடுத்தால் இறைவனடி சேரலாம், சிவலோக பதவி அடையலாம், இயற்கை எய்தலாம். பட்டாசு ஆலையில் கருமருந்து கலந்துகொண்டிருந்த பெண் மட்டும் பலி. சாரம் சரிந்து விழுந்த சித்தாள் பலி. சொல்லிலேயே வர்க்கம் பிரித்து வைத்திருக்கிறோம், சாதியும்தான்.

இதில் என்னால் சகிக்கவே முடியாத தலைப்பு 'விஷவாயு தாக்கி 3 பேர் பலி'. எழுவாய் விஷவாயுவாம்! கழிவுநீர்த் தொட்டிக்குள் வாயு இருக்கத்தான் செய்யும், அது யாரையும் தேடிப் போய்த் தாக்குவதில்லை. மூடியைத் திறந்து, கயிறும் கொடுக்காமல் முகமூடியும் கொடுக்காமல், 'இறங்கு, சாயங்காலம் காசு தருகிறேன்' என்று சொன்ன ஓர் ஆள் இருக்கிறான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் வருடச் சட்டப்படி குற்றம். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆக, சட்டத்தின் கண்ணுக்குக் குற்றவாளி தெரிகிறான். நம் தலைப்புக்குத்தான் தெரியவில்லை. அந்த நஷ்ட ஈட்டுத் தொகையைச் செய்தியின் கடைசி வரியிலாவது போட்டால், படிக்கிற அந்தக் குடும்பம் கேட்டு வாங்கும். அதையும் போடுவதில்லை.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி 100ஆவது நாள் ஊர்வலம் போன ஜனங்கள் மேல் போலீஸ் சுட்டது, 13 பேர் இறந்தார்கள். 'துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி' என்று எழுதினால் சுட்டவர் வாக்கியத்திலிருந்தே போய்விடுகிறார். தமிழ் இதற்குத் தோதான மொழி, எழுவாய் இல்லாமலே வாக்கியம் ஓடும். நிருபர் தெரிந்து செய்கிறாரோ பழக்கத்தில் செய்கிறாரோ, பலன் ஒன்றுதான். இந்தச் சூட்டை விசாரித்து, 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை போலீஸ்காரர்கள் 17 பேர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. யார் சுட்டது என்பது ஒன்றும் ரகசியம் இல்லையே?

சரி, உணர்ச்சிக்கு வருகிறேன். வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் எரிந்துபோனார்கள். அதை உணர்ச்சி இல்லாமல் எழுதுகிறவன் எனக்கு நிருபரே இல்லை. ஆனால் 'பிஞ்சுகள்', 'மொட்டுகள்', 'கருகிய மலர்கள்' என்று எழுதினால் கண் கலங்கும், கலங்கிய கண்ணுக்குக் கட்டடம் தெரியாது. சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது, மாடியில் இருந்த பிள்ளைகள் இறங்கக் குறுகலான ஒரு படிக்கட்டுதான் இருந்தது, கூரை எரிந்து மேலே விழுந்தது. இதை இப்படியே எழுதிப் பாருங்கள், 'நெஞ்சை உலுக்கும்' என்று தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே வராது. அப்படிப் பள்ளிக்கூடம் நடத்த அனுமதி கொடுத்தது யார் என்று படிக்கிறவரே கேட்பார். பத்து வருடம் கழித்து, 2014 ஜூலையில்தான், தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது.

மைக் நீட்டுகிறவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2019 தீபாவளியன்று மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை சிக்கியிருந்தது. 80 மணி நேரத்துக்கு மேல் டிவியில் நேரலை. அந்தத் தாயின் முகத்தை எத்தனை தடவை காட்டினார்கள்! பயன்படாத கிணற்றை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே விதிமுறை வகுத்திருந்ததை அதில் பாதி தடவை காட்டியிருந்தால், அந்த வாரமே ஊர் ஊராக மண்வெட்டியோடு கிளம்பியிருப்பார்கள்.

எங்கள் பத்திரிகையில் இனி 'விஷவாயு தாக்கி' வராது. சாக்கடைச் சாவு பற்றி நிருபர் எழுதி அனுப்புகிற செய்திக் காப்பியில், இறக்கிவிட்ட ஒப்பந்ததாரர் யார், வேலை கொடுத்த அலுவலகம் எது, வழக்கு எந்தப் பிரிவில் என்ற மூன்றும் இல்லையென்றால் நிருபருக்கே திருப்பி அனுப்புகிறேன். போன மாதம் இரண்டு காப்பிகள் அப்படித் திரும்பிப் போயின. ஒன்று மூன்றாம் நாள் முழுமையாக வந்து சேர்ந்தது. இன்னொன்றுக்குக் காத்திருக்கிறேன்.