குளிரில் மின்சார கார்: ஹீட்டர் தின்னும் ரேஞ்ச் பற்றிக் கேள்வி பதில்

குளிர்காலத்தில் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) குறைவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். கணக்குகள் எல்லாம் வெளியே மைனஸ் 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வைத்துப் போட்டவை.

கேள்வி: பெட்ரோல் காரில் ஹீட்டர் போட்டால் மைலேஜ் அடிபடுவதே தெரியாது. மின்சார காரில் மட்டும் ஏன் இந்தப் பாடு?

பெட்ரோல் எஞ்சின் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெப்பமாகவே வீணாக்குகிறது. அதில் ஒரு துளியை உள்ளே திருப்பி விடுகிறார்கள், அவ்வளவுதான். ஓசி வெப்பம். மின்மோட்டார் அவ்வளவு வீணடிப்பதில்லை. அதனால் உள்ளே வேண்டிய சூட்டைப் பேட்டரியிலிருந்து தனியாக எடுக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: கதவு, கூரை, தரை எல்லாவற்றிலும் தடிமனான ஃபோம் ஒட்டிவிட்டால் ஹீட்டர் செலவு பாதியாகுமா?

ஆகாது. வெப்பம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட வெளிக்காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். மணிக்கு 100 கனமீட்டர் காற்று உள்ளே வந்தால், அதை 30 டிகிரி சூடாக்க மட்டுமே 1 கிலோவாட் வேண்டும். அந்தச் சூடான காற்று பின்பக்கத் துவாரம் வழியாக வெளியே போய்விடும். அடுத்தது கண்ணாடி. சுமார் 4 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி என்றால், கார் நிற்கும்போதே 700 வாட்டை ஒட்டிப் போகும். ஓடும்போது காற்று அடித்து இன்னும் கூடும். தகரப் பகுதியில் ஏற்கெனவே லைனிங், கம்பளம், காற்று இடைவெளி எல்லாம் இருக்கின்றன. நீங்கள் ஃபோம் ஒட்டுவது, இருப்பதிலேயே சின்ன ஓட்டையை அடைக்கத்தான். சத்தம் குறையும், அது நிஜம்.

ஒட்டியே தீருவேன் என்பவர்களுக்கு: கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளையும், பின்பக்கக் காற்றுத் துவாரத்தையும், கூரை ஓரத்திலும் பக்கத் தூண்களிலும் மடித்து வைத்திருக்கும் ஏர்பேக்கையும் தொடாதீர்கள். வெள்ளித்தாள் மாதிரி விற்கிறார்களே, அது முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு பரப்புகளுக்கு நடுவே நசுக்கி ஒட்டினால் வெறும் அலங்காரம்.

கேள்வி: அப்படியானால் உள்ளிருக்கும் காற்றையே திரும்பச் சுற்றவிடும் ரீசர்குலேஷன் பட்டனை அழுத்திவிட்டால் அந்த 1 கிலோவாட் மிச்சம்தானே?

மிச்சம்தான், கண்ணாடி மங்கும்வரை. மூச்சிலும் தோலிலும் ஒரு ஆளிடமிருந்து மணிக்கு 40, 50 கிராம் நீராவி வருகிறது. நான்கு பேர் என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. அது போய்ப் படிவது குளிர்ந்த கண்ணாடியில். ஷூவில் ஒட்டிய பனி கம்பளத்தில் உருகினால் கேட்கவே வேண்டாம். ஏறும்போதே உதறிவிட்டு ஏறுங்கள். ரப்பர் மேட்டில் தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டிவிடுங்கள். உள்ளே எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குறைவான வெளிக்காற்றில் சமாளிக்கலாம். ஈரப்பத சென்சார் உள்ள கார்கள் இந்த அளவைத் தாமே பார்த்துக்கொள்ளும். அதை ஆட்டோ மோடில் விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: இரட்டைக் கண்ணாடி உள்ள மாடல் வாங்கலாமா?

பெரும்பாலும் அது நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி. சத்தத்துக்காகச் செய்தது. வீட்டு ஜன்னல் போல நடுவே வாயு இடைவெளி இல்லை. வெப்பத்துக்காக அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஹீட் பம்ப் அவசியமா?

சாதாரண மின்ஹீட்டர் 1 யூனிட் வாங்கி 1 யூனிட் வெப்பம் தரும். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தையும் இழுத்துவருவதால், பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ தரும். குளிர் கடுமையாக ஆக ஆக அந்த லாபம் கரையும். புதிதல்ல இது, நிசான் லீஃபில் 2013 வாக்கிலேயே வந்துவிட்டது, டெஸ்லாவில் 2020-ல் மாடல் ஒய்யுடன்தான் வந்தது. தினமும் தூரம் ஓட்டுபவர்களுக்கு நிச்சயம் பிரயோஜனம். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துபவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

கேள்வி: நெடுஞ்சாலையில் ரேஞ்ச் கொஞ்சம்தான் குறைகிறது, ஊருக்குள் சரிபாதியாகிறது. பேட்டரி கோளாறா?

கோளாறு இல்லை. ஹீட்டர் கிலோமீட்டர் பார்த்துச் செலவழிப்பதில்லை, மணிக்கணக்கில் செலவழிக்கிறது. 2 கிலோவாட் ஹீட்டருடன் 100 கிமீ வேகத்தில் போனால் 100 கிலோமீட்டருக்கு 2 யூனிட். 30 கிமீ வேகத்தில் ஊர்ந்தால் அதே தூரத்துக்கு ஏழு யூனிட்டை நெருங்கும்.

அதோடு, ஒவ்வொரு முறையும் ஆறிப்போன காரைப் புதிதாகச் சூடாக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று நான்கு கிலோகூட இருக்காது, அதற்குச் செலவு அற்பம். சீட்டும் டேஷ்போர்டும் கண்ணாடியும்தான் வெப்பத்தைக் குடிக்கின்றன. அவை 150 கிலோ என்று வைத்தால் 1 யூனிட்டைத் தாண்டும். சார்ஜரில் இருக்கும்போதே சூடாக்கிவிட்டுக் கிளம்பினால் அந்தச் செலவு பேட்டரி கணக்கில் வராது. அப்புறம் குளிர்ந்த பேட்டரியின் மந்தம் தனிக் கதை. அதைக் கேபின் தலையில் கட்ட வேண்டாம்.

கேள்வி: தனியாக ஓட்டும்போது?

சீட் ஹீட்டர் போடுங்கள், 50 முதல் 100 வாட்தான். கேபினை 17-க்கு இறக்கினால் ஹீட்டர் செலவில் பத்தில் ஒரு பங்கு மிச்சம்.

கேள்வி: பனியில் சிக்கி இரவு முழுக்க நிற்க நேர்ந்தால்?

60 யூனிட் பேட்டரியில் பாதி இருந்தாலே, 2 கிலோவாட்டுக்கு 15 மணி நேரம் ஓடும். சீட் ஹீட்டரும் கம்பளியும் என்றால் இன்னும் வெகுநேரம். பெட்ரோல் கார் என்றால் புகைக்குழாயைப் பனி மூடாமல் அடிக்கடி இறங்கிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். மின்சார காரில் அந்தப் பயம் இல்லை.