காதுக்கு ரிவெர்ப், டேப்புக்கு வேண்டாம்

கேள்வி: நான்கு ட்ராக் கேசட் ரெக்கார்டரில் எங்கள் பேண்டைப் பதிகிறோம். ஹெட்ஃபோனில் ரிவெர்ப் (பெரிய அறையில் பாடுவது போன்ற முழக்கம்) இல்லாவிட்டால் பாடகருக்குப் பாட்டே வரவில்லை. போட்டால் டேப்பிலும் ஏறிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: இந்தப் பெட்டிகள் பலவற்றில் இடது, வலது பஸ் (ஒலிகள் கலந்து போகும் பாதை) இரண்டுதான் டேப்புக்கும் போகின்றன, ஹெட்ஃபோனுக்கும் போகின்றன. எஃபெக்ட் ரிட்டர்னில் (ரிவெர்ப் யூனிட்டின் ஒலி திரும்பி வரும் ஜாக்கில்) செருகும் ரிவெர்ப் அதே பஸ்ஸில் வந்து விழுகிறது. அங்கிருந்தே குரலையும் எடுத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் பதியும்.

ட்ராக்குக்கு 'டைரக்ட்' சுவிட்ச் இருந்தால் கவலையில்லை. மைக் செருகிய சேனல் பஸ்ஸைத் தொடாமல் நேராக ட்ராக்குக்குப் போகும். அதே சேனலின் எஃபெக்ட் சென்டை (ஒலியை வெளியே அனுப்பும் குமிழை) திறந்து ரிவெர்ப் யூனிட்டுக்கு அனுப்புங்கள். டைரக்ட் இல்லையா? ஒலியை இடது, வலது பக்கம் நகர்த்தும் பேன் குமிழ் இருக்கிறது. குரலை முழுக்க இடது பக்கம் திருப்பி 3ஆம் ட்ராக்கில் பதியுங்கள் (பொதுவாக 1, 3 இடது பஸ், 2, 4 வலது). ரிட்டர்ன் ஒயரை வலது ஜாக்கில் மட்டும் செருகுங்கள். இடதில் மட்டும் செருகினால் பல மாடல்களில் இரு பக்கமும் பிரிந்து ஓடி, உழைப்பு வீணாகும். குரல் ஒரு காதிலும் ரிவெர்ப் மறு காதிலும் கேட்கும். மானிட்டரில் மோனோ சுவிட்ச் இருந்தால் போட்டுவிடுங்கள்.

ரிவெர்ப் யூனிட்டின் மிக்ஸ் குமிழை எஃபெக்ட் பக்கமே முழுதாகத் திருப்ப வேண்டும். நான்கு வரி பாடவைத்து, ரீவைண்ட் செய்து, ரிட்டர்னை மூடிக்கொண்டு கேளுங்கள். குரல் ரிவெர்ப் இல்லாமல் வறட்டென்று வந்தால் சரி. தாராளமாக ரிவெர்ப் கேட்கும் பாடகருக்குச் சுருதி விலகுவது தெரியாது, கொஞ்சமாகவே கொடுங்கள்.

கேள்வி: டிரம்ஸ், பேஸ், கிட்டார் பதிந்ததும் மூன்று ட்ராக் தீர்ந்துவிட்டது. பாட்டு, கோரஸ், கீபோர்டு எல்லாம் எங்கே?

பதில்: மூன்றையும் கலந்து 4ஆம் ட்ராக்கில் இறக்குங்கள். இதற்குத்தான் பிங்-பாங் என்று பெயர். டிரம்ஸில் உள்ள ஸ்னேருக்கு ரிவெர்ப் வேண்டுமானால் இப்போதே சேர்க்க வேண்டும், ஏனென்றால் இறக்கிய பிறகு ஸ்னேரைத் தனியாகப் பிரிக்க முடியாது. ஆனால் டிரம்ஸ் முழுவதும் ஒரே ட்ராக்கில் இருந்தால் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் சேர்ந்து ரிவெர்பில் நனையும். அதற்குக் குறைந்த நேர ரிவெர்ப் போதும். பேஸுக்கு வேண்டவே வேண்டாம், குழம்பிவிடும்.

3ஆம் ட்ராக் 4ஐ ஒட்டியே ஓடுவதால் அதன் ஒலியளவைத் தூக்கி வைத்தால் சில மெஷின்கள் ஊளையிடும். ஃபேடரை (ஒலியளவை மாற்றும் நகர்த்தியை) கொஞ்சம் இறக்குங்கள். இறக்கும்போதே தம்புரின் போன்ற ஒன்றை நேரடியாக மைக்கில் வாசித்துச் சேர்த்தால் ஒரு ட்ராக் மிச்சம். பழைய மூன்றை அழிக்கும் முன் 4ஐ முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். அழித்தபின் திரும்பாது.

கேள்வி: எந்த கேசட் வாங்குவது?

பதில்: டைப் 2 (குரோம் வகை), சி-60 (சாதாரண டெக்கில் இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்). டாஸ்காம் 1979இல் கொண்டுவந்த முதல் போர்ட்டாஸ்டுடியோ (நான்கு ட்ராக் கேசட் ரெக்கார்டர்) தொடங்கி பல மாடல்கள் நொடிக்கு 9.5 செ.மீ. ஓடும், சாதாரண டெக்கின் இரட்டிப்பு வேகம். ஆகவே சி-60இல் 15 நிமிடம்தான் கிடைக்கும். திருப்பிப் போட்டு மறுபக்கம் பதிய முடியாது. நான்கு ட்ராக்கும் டேப்பின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். சி-120 மெல்லிசு, இழுபடும். டிபிஎக்ஸ் (டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி) போட்டுப் பதிந்தால் கேட்கும்போதும் அது ஆனில் இருக்க வேண்டும்.