அடங்கிய கைநடுக்கம் மறுபடி தலைகாட்டுவது ஏன்?

கேள்வி: என் தந்தைக்கு வயது 71, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நெடுநாள் கைநடுக்கத்துக்காகப் பதினான்கு மாதங்களுக்கு முன், வெளியூர் மருத்துவமனை ஒன்றில், மண்டையைத் திறக்காமல் அல்ட்ராசவுண்ட் அலைகளைக் கொண்டு வலக்கைக்குச் சிகிச்சை செய்துகொண்டார். அன்று மாலையே காபியைச் சிந்தாமல் டபராவில் ஆற்றினார். இரண்டாம் மாதத்தில் லேசாகத் திரும்பிய நடுக்கம் இப்போது கூடிவிட்டது. வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். “ஏளா, இதுக்கா இம்புட்டு ரூவாயக் கொட்டுனோம்?” என்று கேட்கிறார். இனி வராது என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். சிகிச்சை தோற்றுவிட்டதா? மூச்சிரைப்புக்கு இன்ஹேலரும் எடுத்துக்கொள்கிறார்.
— ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: ‘இனி வராது’ என்று யார் சொல்லியிருந்தாலும் அது சொல்லியிருக்கக் கூடாத வாக்கு. இந்தச் சிகிச்சை நடுக்க நோயைக் குணப்படுத்துவதில்லை. நடுக்கம் பயணம் செய்யும் பாதையில் ஓரிடத்தை அடைக்கிறது, அவ்வளவே. சிறுமூளையிலிருந்து, மூளையின் ஆழத்தில் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதி வழியாக மூளையின் மேற்பரப்புக்குச் செல்லும் நரம்புப் பாதையில்தான் நடுக்கத்தின் தாளம் ஓடுகிறது. தலைமுடியை மழித்து, சட்டம் பொருத்தி, குளிர்ந்த நீர் சுழலும் தலைக்கவசத்திலுள்ள 1,024 ஒலிமுனைகளிலிருந்து வரும் அலைகளைத் தலாமஸின் ஒரு சிறு புள்ளியில் குவிக்கிறார்கள். முதலில் 50 டிகிரி செல்சியஸுக்கு உட்பட்ட வெப்பத்தில் சோதித்து, இடம் சரிதான் என்று தெரிந்த பிறகே 55 முதல் 60 டிகிரி வரை உயர்த்தி அந்தத் திசுவை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கிறார்கள். இடையிடையே நோயாளியைக் காகிதத்தில் சுருள் வட்டம் வரையச் சொல்வதுண்டு. உங்கள் தந்தையும் வரைந்திருக்கக்கூடும்.

நடுக்கம் எப்போது திரும்பியது என்பதே காரணத்தை ஊகிக்க முதல் தடயம். உங்கள் ஊர்ப்பக்கம் கன்னடியன் கால்வாயின் கிளை வாய்க்காலில் ஈர மண்ணை வெட்டிப்போட்டு மடையை அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். போட்டவுடன் அடைப்பு பெரிதாகத் தெரியும். மண் படிந்து இறுகிய பிறகுதான் ஓரத்தில் நீர் கசிவது தெரியவரும். மூளையிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. சுடப்பட்ட புள்ளியைச் சுற்றி முதல் சில வாரங்களுக்கு நீர்கோத்த வீக்கம் இருக்கும். அந்த வீக்கமும் சேர்ந்துதான் நடுக்கத்தை அடக்குகிறது. வீக்கம் வடிந்ததும், உண்மையில் சுடப்பட்ட பகுதி மட்டும் மிஞ்சுகிறது. அது போதிய அளவில் இல்லாவிட்டாலோ, இலக்கிலிருந்து ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தாலோ, முதல் சில மாதங்களுக்குள்ளேயே நடுக்கம் தலைகாட்டும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டாம் மாதம் என்ற கணக்கு இதற்குத்தான் பொருந்துகிறது.

அளவு குறைந்துபோவதற்கு மருத்துவரின் கை மட்டுமே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். சிலருடைய மண்டை ஓட்டில் உட்புறப் பஞ்செலும்புக்கும் வெளிப்புறக் கெட்டியெலும்புக்கும் அடர்த்தி வேறுபாடு மிகுதி; அங்கே ஒலியாற்றல் சிதறி, எலும்பிலேயே வீணாகி, இலக்கில் தேவையான வெப்பம் எழுவதில்லை. இதற்காகவே முன்கூட்டி சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். வெப்பத்தை ஏற்றினால் பேச்சுக் குழறல், உதட்டிலும் விரலிலும் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம் ஆகியவை வரலாம் என்பதால் சற்று முன்னதாகவே நிறுத்திக்கொள்ளும் மருத்துவரை நான் குறை சொல்லமாட்டேன்.

2016-இல் வெளியான, 76 பேர் பங்கேற்ற ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களின் கைநடுக்க மதிப்பெண் மூன்றாம் மாதத்தில் சராசரியாக 47 சதவீதமும், ஓராண்டின் முடிவில் 40 சதவீதமும் குறைந்திருந்தது. நல்ல பலன்தான், ஆனால் முழுதாக நின்றுவிடுவது என்பது வேறு. இதோடு, இந்த நோய் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல வளரும் இயல்புடையது. எனவே பல ஆண்டுகள் கழித்துத் திரும்பும் நடுக்கத்துக்குச் சிகிச்சையைவிட நோயின் வளர்ச்சியே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. மூச்சிரைப்புக்கான சால்புட்டமால் போன்ற மருந்துகள் கைநடுக்கத்தைக் கூட்டும்; தைராய்டு மிகையும் அவ்வாறே செய்யும். இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மூச்சுத் திணறல், கைநடுக்கத்தைவிடப் பெரிய ஆபத்து. எந்த மருந்து, நாளுக்கு எத்தனை முறை என்று எழுதிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். நடுக்கத்துக்கு வழக்கமாகத் தரப்படும் புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒத்துவராது என்பதால், வீட்டில் மிஞ்சிய பழைய மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடவும் வேண்டாம்.

நரம்பியல் மருத்துவரிடம் செல்லும்போது எம்.ஆர்.ஐ. எடுத்து, சுடப்பட்ட புள்ளியின் இடத்தையும் அளவையும் பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்குகிறதா, டம்ளரைத் தூக்கும்போது நடுங்குகிறதா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். முன்னது பார்க்கின்சன் நோயின் பக்கம் கைகாட்டும், அதற்கு வழி வேறு. தேவைப்பட்டால் இதே சிகிச்சையை மறுபடி செய்யலாம். அல்லது மூளைக்குள் மின்முனை பொருத்தித் தூண்டும் அறுவைச் சிகிச்சைக்குப் போகலாம். பின்னதில் மின்தூண்டலின் அளவைப் பிற்பாடு கூட்டிக் குறைக்க முடியும் என்பது எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் 71 வயதில் மண்டையில் துளையிட அவர் சம்மதிக்க வேண்டும்.

அதுவரை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், காபிக்கு முன்பாக, ஒரு தாளில் சுருள் வட்டம் வரையச் சொல்லித் தேதியிட்டு வையுங்கள். ‘போன மாதம் இவ்வளவு இல்லையே’ என்ற நினைவைவிட அந்தத் தாள்கள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். வங்கியில், இப்போதைய கையெழுத்தையே மாதிரிக் கையெழுத்தாகப் புதுப்பித்துத் தரும்படி எழுதிக்கொடுங்கள். மருத்துவச் சான்றின் நகலையும் உடன் இணையுங்கள்.