மேசையில் படுப்பதற்கு முன்: வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

உடல் எடையைக் குறைப்பதற்கான சத்திரசிகிச்சை பற்றிச் சில மாதங்களுக்கு முன் இப்பகுதியில் எழுதியபின் வன்னியிலிருந்து பல கடிதங்கள் வந்தன. சிகிச்சை எப்படிச் செய்யப்படுகிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலானோர் பயத்தைப் பற்றியே எழுதியிருந்தார்கள். ஆகவே இந்த இதழை முழுமையாக அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 43. ஆசிரியையாக இருக்கிறேன். உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 112 கிலோ. ஒன்பது வருடமாகச் சலரோகம். இப்போது இன்சுலின் போடுகிறேன். நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவதாகக் கணவர் சொல்கிறார். கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்துவிட்டார்கள். 2009 இல் என் வயிற்றில் செல் துண்டு பட்டது. பள்ளிக்கூடக் கட்டடமொன்றில் இயங்கிய வைத்தியசாலையில், மயக்க மருந்து போதாத நிலையில்தான் என்னைத் தைத்தார்கள். திகதி கிடைத்த நாளிலிருந்து ஸ்பிரிட் மணம் வந்தாலே உடம்பு நடுங்குகிறது. மாமியார், "வாயைக் கட்டினால் போதும், வயிற்றை வெட்டத் தேவையில்லை" என்கிறார். மற்றவர்களுக்குப் பித்தப்பைக் கல்லுக்கான சிகிச்சை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுச் செத்துப்போவேனோ என்று இரவில் நித்திரை வருவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? (பரந்தன் வாசகி)

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். சாவைப் பற்றி நீங்கள் கடைசியில்தான் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பே ஸ்பிரிட் மணம் வந்துவிட்டது. அதனால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பதினைந்து வருடங்களுக்கு மேலாகியும் உங்கள் உடம்பு அந்த மேசையை மறக்கவில்லை. இதை மனப்பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலியை முழுமையாக உணர்ந்தபடி தையல் போடப்பட்ட ஒருவருக்கு, அந்த மணமும் அந்த வெளிச்சமும் ஆபத்தின் அறிகுறிகளாகவே பதிந்திருக்கும். இன்றைய சத்திரசிகிச்சைக்கூடத்தில் நடப்பது வேறு. நாளத்தில் மருந்து ஏறிய சில நொடிகளில் நீங்கள் உறங்கிவிடுவீர்கள். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஒட்சிசன் அளவு ஆகியவற்றைக் கருவிகள் காட்டிக்கொண்டிருக்க, மயக்க மருந்து நிபுணர் நீங்கள் விழிக்கும் வரை உங்கள் தலைமாட்டை விட்டு நகரமாட்டார். ஆனால் இதை அறிந்துகொண்டதால் மட்டும் நடுக்கம் நின்றுவிடாது என்பதையும் நான் அறிவேன். அறிவுக்குத் தெரிவது உடம்புக்குத் தெரியச் சிறிது காலம் எடுக்கும்.

எனவே சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருந்து நிபுணரைச் சந்திக்கும் நாளில், இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காட்டுவதற்கு முன்பே, "போர்க்காலத்தில் மயக்கமில்லாமல் எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தது, இப்போது அந்த அறைக்குள் வரவே பயமாக இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியம் அவர்கள் செய்வதில் பலவற்றை மாற்றும். முன்கூட்டியே பதற்றத்தைத் தணிக்கும் மருந்து தரலாம். நீங்கள் உறங்கும் வரை ஒரு தாதி கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு படியையும் சொல்லிச் சொல்லிச் செய்யலாம். முதல் நாளே அந்த அறையை ஒருமுறை பார்க்க அனுமதி கேட்டாலும் தவறில்லை.

அந்தக் காயத்தைப் பற்றிச் சத்திரசிகிச்சை நிபுணரிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருமுறை திறந்து தைக்கப்பட்ட வயிற்றினுள் குடலும் சுற்றியுள்ள சவ்வுகளும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கக்கூடும். சிறு துளைகள் வழியாகக் கமெரா செலுத்திச் செய்யும் சத்திரசிகிச்சையை அது கடினமாக்கும். சில வேளைகளில் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டியும் வரலாம். உள்ளே இன்னும் உலோகத் துண்டு இருக்கிறதா என்பதை எக்ஸ்-றே காட்டிவிடும். அப்படி இருந்தால், எம்.ஆர்.ஐ. பரிசோதனை எப்போதாவது தேவைப்படும்போது அதை முதலில் சொல்ல வேண்டும். நம் பகுதியில் எத்தனையோ பேர் தங்கள் உடம்பிலுள்ள துண்டுகளைப் பற்றி வைத்தியரிடம் வாய் திறப்பதில்லை. கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் இல்லை. நீங்கள் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

கொழும்பு விடுதியில் மயக்கம் தெளியும் நேரத்தில் உங்களைச் சுற்றிச் சிங்களம் மட்டுமே கேட்கக்கூடும் என்பதையும் இப்போதே எண்ணிப்பாருங்கள். உங்களுக்கு அது வேறு நினைவுகளைக் கிளறலாம். தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ யார் என்று முன்பே விசாரித்து, அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோகிறது, ஓங்காளிக்கிறது, மூச்சு முட்டுகிறது, பயமாக இருக்கிறது ஆகிய நான்கையும் ஒரு தாளில் இரு மொழியிலும் எழுதித் தலையணைக்கடியில் வையுங்கள். சிறிய ஏற்பாடுதான், ஆனால் நடு இரவில் அது பெரிய துணை.

அந்த நடுக்கம் நாளாந்த வாழ்வையே குலைப்பதாக இருந்தால், மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். போர்க்கால அனுபவங்களோடு வருபவர்களை அவர்கள் நன்கு அறிவார்கள். நேரில் போகத் தயக்கமானால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் பேசலாம். சில வாரங்கள் உளவளத்துணை பெற்றபின் சத்திரசிகிச்சை செய்துகொள்வதற்காகத் திகதியைத் தள்ளிப்போடக் கேட்பதும் நியாயமான கோரிக்கையே. இது அவசர சத்திரசிகிச்சை அன்று.

இனிச் சாவைப் பற்றி நேராகவே சொல்கிறேன். அனுபவமுள்ள நிலையங்களில் இச்சிகிச்சையை ஒட்டி இறப்பவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவர். பித்தப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையின் அபாயத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். தையல் கோட்டிலிருந்து கசிவு ஏற்படுவதும், கால் நாளங்களில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்வதும் நாங்கள் அதிகம் அஞ்சும் இரண்டு சிக்கல்கள். மறுபக்கத்தையும் பாருங்கள். உயரத்தோடு ஒப்பிட்டு நிறையை அளக்கும் உடற்திணிவுச் சுட்டி (BMI) உங்களுக்கு ஏறக்குறைய 45. 2022 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் 35 இலிருந்தே இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது, ஆசியருக்கு அதனிலும் குறைந்த அளவில் பரிசீலிக்கச் சொல்கிறது. சுவீடனில் 1987 இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் அதிகமானோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஏறக்குறைய 11 ஆண்டுகளின் பின், சிகிச்சை செய்துகொண்டோரிடம் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்திருந்தது. அக்காலத்து முறைகள் இன்றையவற்றிலிருந்து வேறுபட்டவை என்றாலும், எதுவும் செய்யாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அது காட்டுகிறது. நித்திரையில் மூச்சு நிற்பதை மட்டும் மறைக்காதீர்கள். அதற்குரிய முகமூடிக் கருவியைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே பாவித்துப் பழகச் சொல்வார்கள். உங்கள் பாதுகாப்பில் அதற்குப் பெரும் பங்குண்டு.

மாமியாரின் பேச்சை அன்போடு ஒதுக்கிவையுங்கள். நிறை குறையத் தொடங்கியதும் பசியைத் தூண்டும் சுரப்பைக் கூட்டி, இழந்ததை மீட்கவே உடம்பு முயலும். வாயைக் கட்டி முயன்று தோற்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை அகற்றும்போது அந்தச் சுரப்பு உண்டாகும் பகுதியும் நீங்குவதால், பலருக்குப் பசியே மட்டுப்படுகிறது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க விரும்புகிறேன். கஞ்சிக்கு வரிசையில் நின்ற நாட்கள் உங்களுக்கும் இருந்திருக்கும். ஈரலைச் சுருக்குவதற்காகச் சத்திரசிகிச்சைக்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம் மிகக் குறைந்த உணவும், பின்பு முதல் வாரங்களில் நீராகாரமும் மட்டுமே தரப்படும்போது, அந்தப் பட்டினி நினைவு திரும்பிவரக்கூடும். வந்தால் போஷாக்கு நிபுணரிடம் சொல்லுங்கள். இந்தக் காலத்தில் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், சில சலரோகக் குளிசைகளை நிறுத்தவும் வேண்டியிருக்கும்; அதை நீங்களாகச் செய்யாமல் கிளினிக்கில் எழுதி வாங்குங்கள்.

பித்தப்பைக் கல் என்று சொன்னதற்காக உங்களைக் குறைசொல்ல மாட்டேன். ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கில்லை. ஆனால் பார்க்க வருபவர்கள் கையில் சாப்பாட்டோடு வருவார்கள். வற்றாப்பளைப் பொங்கலில் ஒரு பிடி வாங்காவிட்டால் மனம் நோவார்கள். ஆகவே மூவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்: வைத்தியசாலையில் உங்களோடு நிற்கப்போகிறவர், பிள்ளைகளைப் பார்க்கப்போகிறவர், இரவு இரண்டு மணிக்கும் நீங்கள் அழைத்துக் கதைக்கக்கூடிய ஒருவர். இதே சிகிச்சை செய்துகொண்ட ஒருவரோடு கதைக்க முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். என் நோயாளர்களுக்கு நான் சொன்ன எதையும்விட அத்தகைய ஒரு மணித்தியாலக் கதையே அதிக தைரியம் கொடுத்திருக்கிறது.

கேள்வி: என் மனைவிக்கு அடுத்த மாதம் இந்தச் சத்திரசிகிச்சை. "பயப்படாதே" என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். அவவின் பயம் கூடிக்கொண்டே போகிறது. நான் வயல் வேலை செய்பவன். வேறு என்ன செய்யலாம்? (முள்ளியவளை வாசகர்)

பதில்: அந்தச் சொல்லை நிறுத்துங்கள், ஐயா. அதைக் கேட்கும்போது, தன் பயத்தைச் சொல்வதற்கு இந்த வீட்டில் இடமில்லை என்றே அவருக்குத் தோன்றும். "எதை நினைத்தால் அதிகம் பயமாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பதில் முடியும் வரை பேசாமலிருங்கள். பிறகு அவர் சொன்னதைக் கேள்வியாகக் கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். விதைப்பு நாளாக இருந்தாலும் போங்கள்.

வயல் வேலை முடிந்ததும் இருவருமாக மாலையில் நடவுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் எழுந்து நடப்பதுதான் இரத்தம் உறைவதைத் தடுக்கும் முக்கிய வழிகளில் ஒன்று, அந்தப் பழக்கம் முன்பே வரட்டும். வீட்டில் யாராவது புகைப்பவராக இருந்தால் இப்போதே நிறுத்த வேண்டும். அவர் வெறும் நீராகாரத்தில் இருக்கும் இரண்டு வாரமும் பொரியல் வாசம் வீட்டில் எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து திரும்பும் பயணம் நீண்டது. எப்போது பயணம் செய்யலாம் என்று நிபுணரிடம் கேட்டு, ஏ9 வீதியில் வரும்போது அடிக்கடி வாகனத்தை நிறுத்தி அவரை இறக்கி நடக்கவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் நெஞ்சு படபடப்பு, காய்ச்சல், கூடிவரும் வயிற்று வலி, தோள்மூட்டு வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி நோவது ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும் வரை பார்க்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, என்ன சத்திரசிகிச்சை என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும் என்று அறிந்தாலே அவருடைய பயத்தில் ஒரு பங்கு இறங்கிவிடும்.

கேள்வி: எனக்கு 26 வயது. சிகிச்சை செய்தால் பிள்ளை பிறக்காது, கலியாணம் பேசுவது கடினம் என்று அம்மா அழுகிறார். உண்மையா? (நெடுங்கேணி வாசகி)

பதில்: இல்லை. நிறை குறையும்போது மாதவிடாய் சீராகிக் கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடுவதே பலரிடம் நாம் காண்பது. ஆனால் சத்திரசிகிச்சையின் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பம் தரிக்காமலிருக்க வேண்டும். குடலை மாற்றி இணைக்கும் முறையானால் கருத்தடைக் குளிசை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறையைப் பற்றிக் கேளுங்கள். விற்றமின், இரும்புச்சத்து, கல்சியம் ஆகியவை வாழ்நாள் முழுவதும் தேவை. சில மாதங்களில் முடி கொட்டும். பெரும்பாலும் மீண்டும் வளரும். இதை அம்மாவுக்கு முன்பே சொல்லி வையுங்கள், அல்லது அன்றும் அழுவார். முடிந்தால் அம்மாவையே கிளினிக்குக்கு அழைத்துப் போய் அவருடைய கேள்வியை அவரே கேட்கவிடுங்கள்.

கேள்வி: திகதி கிடைத்து, பையும் கட்டிய பின்பு, பயத்தில் போகாமல் விட்டுவிட்டேன். இனி அந்த வைத்தியர் முகத்தில் எப்படி விழிப்பேன்? (அடம்பன் வாசகர்)

பதில்: தம்பி, இப்படி விட்டவர்கள் பலர், அவர்களில் திரும்பி வந்தவர்களும் பலர். வைத்தியர் கோபிப்பார் என்ற கூச்சத்தினால் கிளினிக்கையே விட்டுவிட்டு, சலரோகத்துக்கும் பிறஷருக்கும் மருந்து எடுக்காமல் இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நீங்கள் போகாத காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். பயத்தைத் தீர்த்தபின் புதுத் திகதி கேட்கலாம், சத்திரசிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்து வேறு சிகிச்சையும் கேட்கலாம். இரண்டுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. அடுத்த கிளினிக் நாளன்று பழைய கொப்பியையும் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு, தனியே போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.