எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக ஒரு லேபில் இருக்கிறேன். ஹெச்.ஐ.வி. உள்ள ஒருவரின் டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு) வைரஸ் பெப்டைடுக்கு (வைரஸ் புரதத்தின் சிறு துண்டு) எவ்வளவு எதிர்வினை காட்டுகின்றன என்று பார்த்தோம். எலிஸ்பாட்டில் (எதிர்வினை காட்டும் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியாகத் தெரியும் சோதனை) புள்ளி வந்தது, அதே ரத்தத்தை ஃப்ளோவில் (சாயம் ஏற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி) ஓட்டினால் ஒன்றுமே இல்லை. எது சரி?
- வாசகி, பெரம்பூர்

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். எலிஸ்பாட் தட்டின் ஒரு குழியில் 2 லட்சம் செல் போட்டு 12 புள்ளி வந்தால் 10 லட்சத்துக்கு 60, அதாவது 0.006 சதவீதம். பெப்டைட் போடாத குழி சுத்தமாக இருந்தால் எலிஸ்பாட்டில் இது கவனிக்க வேண்டிய எண்தான். ஆனால் ஃப்ளோவில் தூண்டாத செல்களிலேயே இதைவிட அதிகம் தெரியும், உங்கள் 0.006 அதில் கரைந்துவிடும். போதாக்குறைக்கு வகுக்கும் எண்ணும் வேறு: எலிஸ்பாட்டில் போட்ட அத்தனை செல்லும் கணக்கு, ஃப்ளோவில் பெரும்பாலும் டி செல்லின் இரு வகைகளான சிடி8-க்குள் எத்தனை, சிடி4-க்குள் எத்தனை என்றுதான் சொல்வோம்.

வேலை செய்யும் விதமே நேர்மாறு. எலிஸ்பாட்டில் செல் கக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைக் குழியின் அடியில் இருக்கும் ஆன்டிபாடி அங்கேயே பிடித்துக்கொள்கிறது. ஃப்ளோவிலோ பிரெஃபெல்டின் என்ற ரசாயனத்தைப் போட்டு அதை வெளியே விடாமல் அடைத்து, சுமார் 6 மணி நேரம் கழித்து செல்லைத் துளைத்து சாயம் ஏற்றுகிறோம். அதனால் எந்த செல், கூடவே ஐ.எல்.2 என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதமும் சுரக்கிறதா என்பதெல்லாம் தெரியும். எலிஸ்பாட் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லும், யார் என்று சொல்லாது. யார் என்று தெரிய, சிடி8 செல்களை நீக்கிவிட்டு அதே எலிஸ்பாட்டை மறுபடி போடுங்கள். புள்ளி காணாமல் போனால் ஆள் சிக்கிவிட்டார்.

புள்ளிகளை எண்ணும் ரீடர் கருவி தரும் எண்ணை மட்டும் நம்பாமல் குழியின் படத்தையும் பாருங்கள். நூல் தூசியையும் அது புள்ளி என்று எண்ணும் (நானே ஒரு வாரம் தூசியை எண்ணியிருக்கிறேன்). யாராவது இன்குபேட்டர் கதவை டொப்பென்று சாத்தினால் தட்டு அதிர்ந்து புள்ளிகள் வால் முளைத்தது போல இழுபடும். ரத்தம் மதிய வெயிலில் அண்ணா சாலை நெரிசலைத் தாண்டி வந்ததா என்பதையும் விசாரியுங்கள்.

எண் பெரிதாக வந்தாலும் துள்ளிக் குதிக்க வேண்டாம். 2007-ல் நிறுத்தப்பட்ட மெர்க் நிறுவனத்தின் ஸ்டெப் என்ற ஹெச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையில் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெரும்பாலோருக்கு எலிஸ்பாட் நன்றாகத்தான் இருந்தது, தொற்றை மட்டும் அது தடுக்கவில்லை.

கேள்வி: தம்பிக்கு ஏ.ஆர்.டி. (ஹெச்.ஐ.வி. மருந்து சிகிச்சை) மையத்தில் சிடி4 டெஸ்ட் எடுக்கிறார்கள். எலிஸ்பாட்டும் எடுக்கலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம், அது ஆராய்ச்சிக்கானது. சிடி4 டெஸ்ட் என்பது ரத்தத்தில் உள்ள சிடி4 செல்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். தம்பி மாத்திரையை விடாமல் போடட்டும், அடுத்த முறை போகும்போது வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) எவ்வளவு என்று கேட்டு வாருங்கள்.